பட்டனை விட்டதும் ஏன் வெட்டுகிறது? தண்டையார்பேட்டையில் ஒரு டிரிம் கோளாறு

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. ராயபுரத்தில் கடை. மிக்சி, டேபிள் ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று வரும். ஹெலிகாப்டர் ஓட்டும் ஜாய்ஸ்டிக் வந்தது போன ஏப்ரலில்தான். மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார் ஒருவர்.

"இதுக்குள்ள ரெண்டு மோட்டார் இருக்குதாம்பா. மோட்டார்னா உன்னாண்ட போகச் சொன்னாங்க."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு தண்டையார்பேட்டை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது விமானப்படையின் சேத்தக் ஹெலிகாப்டர்கள் நிவாரணப் பொட்டலம் போட்டதைப் பார்த்ததில் இருந்து அவருக்கு இந்த ஆசை. அந்தரத்தில் அசையாமல் நிற்க வைத்து (ஹோவர் என்பார்கள்) சாமான் இறக்குவது அவர் வேலைக்குப் பக்கத்து வேலை அல்லவா. முதலில் சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்றை வைத்துக் கம்ப்யூட்டரில் ஹெலிகாப்டர் சிமுலேட்டர் ஓட்டிப் பழகினார். அப்புறம் அமெரிக்காவில் இருக்கும் மருமகன் தன்னிடம் சும்மா கிடந்த ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்கை, அதாவது உள்ளே இருக்கும் மோட்டாரால் கைக்கு விசை காட்டும் ஸ்டிக்கை, கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கோளாறு அன்றைக்கே ஆரம்பம்.

ஸ்டிக்கின் பெயரையும் சிமுலேட்டரின் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. கடைசியில் கணக்குப் பார்த்தால் தப்பில் பெரும்பகுதி எங்கள் பக்கம்தான்.

அவர் சொன்ன புகார் இது: "ஹோவர்ல ஷோக்கா நிக்குதுபா. டிரிம் பட்டனை அமுக்கி வுட்டா மூக்கைக் குத்துது. சில தபா சைடுல வெட்டுது. திரும்பத் திரும்ப அமுக்கினா கைய எங்கியோ இஸ்துக்குனு போவுது."

இந்த நான்கு வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. அது தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

டிரிம் என்ன வேலை செய்கிறது

அவர் ஓட்டியது ஹியூயி என்று எல்லோரும் சொல்லும் பெல் யூ.எச்-1எச் ஹெலிகாப்டர். வலது கையில் பிடிக்கும் தடிக்குப் பெயர் சைக்ளிக். அது நடுவில் இருந்தால் வண்டி சும்மா நிற்கும் என்று நினைத்தால் தப்பு. ஹியூயியின் பெரிய ரோட்டர், மேலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. உடம்பு எதிர்ப்பக்கம் சுழலாமல் வால் ரோட்டர் தடுக்கிறது. தடுக்கிற அதே விசை முழு வண்டியையும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே இடத்தில் நிற்க சைக்ளிக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். (சேத்தக்கில் ரோட்டர் வலஞ்சுழி. அங்கே இதே சங்கதி தலைகீழ். இதைச் சொன்னதும் கிரேன் அண்ணன் ரொம்ப நேரம் யோசித்தார்.)

எவ்வளவு நேரம் ஸ்பிரிங்குக்கு எதிராகப் பிடிப்பது? அதற்குத்தான் டிரிம். நிஜ ஹியூயியில் தடியோடு இணைந்த ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு காந்த பிரேக் இருக்கிறது. தடியில் உள்ள பட்டனை அழுத்தினால் பிரேக் விடும், ஸ்பிரிங்கின் பிடிமானம் தளரும், தடி லேசாகிவிடும். வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பட்டனை விட்டால் பிரேக் அங்கேயே கவ்விக்கொள்ளும். இனி ஸ்பிரிங்குக்கு அந்த இடம்தான் நடு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஹியூயியில் ஹைட்ராலிக் உதவி இருப்பதால் ரோட்டரின் விசை விமானியின் கைக்கு வருவதே இல்லை. கைக்கு ஏதாவது பிடிமானம் தெரிய வேண்டுமே என்றுதான் அந்த ஸ்பிரிங். ஆக, நிஜ வண்டியில் கை உணர்வதே செயற்கை விசைதான். அதைப் பின்பற்ற வீட்டு ஸ்டிக்குக்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு ஸ்பிரிங், அதன் நடுவை நகர்த்தத் தெரிந்தால் போதும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்கில் அந்த ஸ்பிரிங்கை மோட்டாரே நடிக்கிறது. விளையாட்டு நிரலும் ஸ்டிக்கும் பேசிக்கொள்ளும் வழியான மைக்ரோசாஃப்டின் டைரக்ட்இன்புட்டில் ஸ்பிரிங் எஃபெக்டுக்கு நடு எங்கே என்று சொல்ல ஓர் எண் உண்டு, மைனஸ் 10,000 முதல் பிளஸ் 10,000 வரை. பட்டனை விட்ட நொடியில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ, அந்த எண்ணைச் சிமுலேட்டர் நடுவாக அனுப்ப வேண்டும்.

ஸ்டிக் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்குச் சிமுலேட்டர், ஸ்டிக், கை மூன்றும் ஒரே பதில் சொன்னால் டிரிம் வேலை செய்யும். எங்கள் விஷயத்தில் ஆளுக்கொரு பதில்.

வீணாய்ப் போன முதல் சாயங்காலம்

வடசென்னையில் எந்த மின்சாமான் மக்கர் பண்ணினாலும் முதல் பழி கரண்ட் மேல்தான். இது அமெரிக்காவில் வாங்கிய ஸ்டிக், 120 வோல்ட்டுக்கானது. ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடுகிறது. சாயங்காலம் ஏழரைக்கு அவர் வீட்டு பிளக்கில் மீட்டரை வைத்தேன், 196 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப்பக்கம் 94. ஸ்டிக்கின் வலு குறைந்திருந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்பிரிங் சோர்ந்தால் ஸ்டிக் மெத்தனமாக வரும், உராய்வில் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். வேறு திசைக்குப் போகாது. மூக்கைக் குத்துவதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, ஸ்டிக் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம் என்று அட்டையில் வட்டம் வரைந்து, பத்துப் பத்து சதவீதமாகக் கோடு போட்டு, அடிப்பாகத்தைச் சுற்றி ஒட்டினேன். இடப்பக்கம் 40 வரை சாய்த்து, டிரிம் கொடுத்து, கையை எடுத்தேன். ஸ்டிக் செத்த பாம்பாய்த் தொங்கியது. மோட்டார் போச்சு என்று முடிவு கட்டிப் பிரித்துவிட்டேன். கார்பன் பிரஷ் நன்றாக இருந்தது, இரண்டு மோட்டாரின் காயில் ரெசிஸ்டன்ஸும் ஏறக்குறைய ஒன்று, கனெக்டரில் மட்டும் கடல் காற்றுக்குக் கொஞ்சம் பச்சை பூத்திருந்தது. துடைத்து மூடினேன். மறுபடி தொங்கல்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி நின்று பார்த்துவிட்டு, "கைய வச்சா உசுரு வருது, எடுத்தா பூடுது. இதுல இன்னா ஆராய்ச்சி?" என்றார்.

கைப்பிடியில் சின்னதாய் ஓர் ஒளி உணரி. கை மூடியிருந்தால்தான் மோட்டாருக்கு விசை போகும். யாரும் பிடிக்காதபோது ஸ்டிக் தானாக ஆடி எதையும் தட்டிவிடக் கூடாது என்று வைத்த பாதுகாப்பு. அண்ணன் சிரித்தார். "கிரேன்லயும் இதான்பா. கைய எடுத்தா நின்னுடணும்." சோதனைக்கு மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அதன் மேல் ஒட்டினேன், முடிந்ததும் பிரித்துவிட்டேன். இந்த மாதிரி ஸ்டிக் வைத்திருப்பவர்களில் சிலர் டேப்பை நிரந்தரமாக விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

சரி செய்ததும் மோசமானது

டேப்போடு மறுபடி சோதனை. இடப்பக்கம் 40, முன்பின் பூஜ்யம், டிரிம், கையை எடு. ஸ்டிக் இடப்பக்கத்தை விட்டு நடுவுக்கு வந்து, நேராக முன்னால் போய் நின்றது. முன்னால் தள்ளி டிரிம் கொடுத்தால் இடப்பக்கம் போனது. அச்சு இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. பக்கவாட்டு மோட்டாருக்குப் போக வேண்டிய கட்டளை முன்பின் மோட்டாருக்குப் போகிறது. மூக்கைக் குத்துவதன் காரணம் இதுதான். அரிதான கோளாறும் இல்லை. சிமுலேட்டரில் விசை அமைப்புகள் இருக்கும் பக்கத்தில் அச்சு மாற்றம், எதிர்த்திசை என்று கட்டங்கள் வைத்திருப்பதே இதற்காகத்தான். அச்சு மாற்றத்தில் ஒரு டிக் போட்டேன். ஸ்டிக் வைத்த பக்கமே திரும்பியது. வைத்த இடத்திலேயே நிற்கவில்லை என்பதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையோடு பறக்கவிட்டோம். பட்டனை விட்டதும் ஹியூயி இடப்பக்கம் படுத்து, ஐந்து வினாடியில் தரையில் கிடந்தது. முன்பு இவ்வளவு மோசமில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் போட்ட டிக்கை எடுத்துவிடுவார்கள். நானும் கையை மவுஸுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆனால் அட்டைச் சோதனை பொய் சொல்லவில்லையே. அப்படியானால் முதல் தப்பு இரண்டாவது தப்பை மறைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மறைத்துத்தான் இருந்தது. பழைய சாதாரண ஸ்டிக்குக்காகச் செய்த டிரிம் அமைப்பு அப்படியே கிடந்தது. சாதாரண ஸ்டிக்கின் ஸ்பிரிங் நிஜ ஸ்பிரிங், அதன் நடு நகராது. அதனால் சிமுலேட்டர் வேறு வழி வைத்திருக்கிறது: டிரிம் கொடுத்த அளவைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவர ஒரு நொடி அவகாசம் தருகிறது, பிறகு ஸ்டிக் சொல்வதை அதோடு கூட்டிக்கொள்கிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக் நடுவுக்கு வருவதில்லை, புது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விளைவு, ஒரே சாய்வு இரண்டு தடவை எண்ணப்படுகிறது. அச்சு மாறிக் கிடந்தபோது ஸ்டிக் பக்கவாட்டில் நடுவுக்கு ஓடியதால் இந்தக் கூட்டல் தெரியாமல் போனது. முன்பு சில தபா சைடில் வெட்டியது, அவர் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து ஓடவிடாமல் வைத்திருந்த சமயங்களில்.

தடியின் நிலையைக் காட்டும் சின்னக் கட்டம் ஒன்று திரையில் வரும். அதைத் திறந்து வைத்தால் பட்டனை விட்டபின் புள்ளி பாய்வது கண்ணுக்குத் தெரியும். டிரிம் அமைப்பை ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கு ஏற்ற உடனடி முறைக்கு மாற்றினோம். பாய்ச்சல் நின்றது.

ஊர்ந்து வரும் ஸ்டிக்

மிச்சம் இருந்தது அவர் சொன்ன நான்காவது வாக்கியம், முதல் நாளே நான் கண்டும் காணாமல் விட்டது. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஸ்டிக் நடுவை நோக்கிக் கொஞ்சம் ஊர்கிறது. எனக்கு இந்த ஆய்விலேயே சுவையான பகுதி இதுதான்.

தப்பு ஸ்டிக்கிலா, சிமுலேட்டரிலா? பிரித்துப் பார்க்க, சிமுலேட்டரை மூடிவிட்டு, ஸ்பிரிங்கின் நடுவை நேரடியாக நகர்த்தும் சின்னச் சோதனை நிரலை ஓட்டினேன். (இரண்டும் ஒன்றாகத் திறந்திருந்தால் குழப்பம். விசை அனுப்பும் உரிமை ஒரு சமயத்தில் ஒரு நிரலுக்குத்தான். சிமுலேட்டரின் நடுவே வாட்ஸப் பார்க்கப் போய்வந்தால் சிலருக்கு டிரிம் காணாமல் போவதும் இதே காரணத்தால்.) 20க்குப் போ என்றால் ஸ்டிக் 15இல் நின்றது. 40 என்றால் 30. 60 என்றால் 45. எப்போதும் முக்கால்.

சரியாக முக்கால் என்றால் உராய்வாக இருக்க முடியாது. உராய்வு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு திருடும், விகிதமாகத் திருடாது. இது இரண்டு ஸ்பிரிங் இழுபறி. ஒன்று 40க்கு இழுக்கிறது, இன்னொன்று பூஜ்யத்துக்கு இழுக்கிறது, முதலாவது மூன்று பங்கு பலசாலி. ஸ்டிக் 30இல் சமாதானம் ஆகிறது. தேடினால், மருமகனின் ஸ்டிக்குக்காக நிறுவிய பழைய டிரைவரின் அமைப்பில் தானியங்கி மையப்படுத்தல் இயங்கிக்கொண்டிருந்தது. எந்த விளையாட்டும் விசை அனுப்பாதபோது ஸ்டிக் துவளாமல் இருக்க அது வேண்டும். ஸ்பிரிங்கை விளையாட்டே நடத்தும்போது அது அணைந்திருக்க வேண்டும். வோல்ட்டேஜ் மேல் பழி போட முடியாததற்கு இங்கே இன்னொரு காரணமும் கிடைத்தது: கரண்ட் குறைந்தால் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்தே சோர்கின்றன, விகிதம் மாறுவதில்லை. பகல் 225 வோல்ட்டிலும் ராத்திரி 196இலும் அதே முக்கால்.

அணைத்தேன். 20, 40, 60 எல்லாம் சொன்ன இடத்துக்கு வந்தன, ஒன்றிரண்டு கோடு பிசகோடு. அந்தப் பிசகுதான் உராய்வு.

சிமுலேட்டருக்குத் திரும்பினோம். இன்னும் ஊர்கிறது! 40இல் வைத்து டிரிம் கொடுத்தால் 23க்கு வந்தது. மறுபடி அழுத்தினால் 12. மறுபடி அழுத்தினால் 6. இது முக்கால் இல்லை, பாதிக்குப் பக்கம். அப்படியானால் வேறு ஆள்.

வளைகோடு. பழைய ஸ்டிக்கில் நடுப்பகுதி துடிப்பாக இருக்கிறது என்று அண்ணன் அச்சுக்கு ஒரு வளைவு போட்டு வைத்திருந்தார், நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வேகமாகவும் இருக்கும்படி. அதன் கணக்கு ஏறக்குறைய இப்படி: ஸ்டிக்கின் நிலையில் பாதி, அதோடு நிலையின் கனத்தில் (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கியதில்) பாதி. ஸ்டிக் 0.4இல் இருந்தால் 0.2, அதோடு 0.032, மொத்தம் 0.232. அதாவது கை 40இல் இருக்கும்போது சிமுலேட்டர் 23 என்று புரிந்துகொள்கிறது. அதுவரை தப்பில்லை, வளைகோட்டின் வேலையே அதுதான். ஆனால் டிரிம் கொடுக்கும்போது தனக்குத் தெரிந்த 23ஐத்தான் ஸ்பிரிங்கின் நடுவாக அனுப்புகிறது. வளைகோட்டைப் பற்றி எதுவும் அறியாத ஸ்டிக் 23க்குப் போகிறது. அந்த 23ஐ மறுபடி வளைகோட்டில் போட்டுச் சிமுலேட்டர் 12 என்று படிக்கிறது. ஹெலிகாப்டருக்குக் கிடைக்கும் சாய்வு கேட்டதில் பாதி. அடுத்த அழுத்தலில் 6.

வளைகோட்டை நேர்கோடாக்கினோம், நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் செத்த மண்டலத்தையும் பூஜ்யமாக்கினோம். அச்சு ஓரங்களை வெட்டும் அமைப்பு இருந்தால் அதையும் நூற்றுக்கே வைக்க வேண்டும், அதுவும் இதே பொய்யைச் சொல்லும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் வைத்துக்கொண்டு வளைகோடும் வேண்டும் என்பவர்களை எனக்குப் புரிவதில்லை. துடிப்பு அதிகமாக இருந்தால் ஸ்பிரிங்கின் கடினத்தைக் கூட்டிக்கொள்ளலாம், கை தானாக அடங்கும்.

இப்படிப்பட்ட ஸ்டிக் எல்லாம் பழசாகத்தான் கைக்கு வரும் என்பதற்கு ஒரு கதை உண்டு. மைக்ரோசாஃப்ட் 1997இல் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் புரோ கொண்டுவந்தது. 2002இல் இம்மர்ஷன் என்ற நிறுவனம் காப்புரிமை வழக்குப் போட்டது. 2003இல் மைக்ரோசாஃப்ட் 2.6 கோடி டாலர் கொடுத்து அதை முடித்தது. அப்புறம் பல வருஷம் இந்தச் சந்தை ஏறக்குறைய காலி. இப்போதுதான் விபிஃபோர்ஸ் ரைனோ, மோசா ஏபி9 என்று மறுபடி புதுசு வருகிறது. வலு பல மடங்கு, விலையும் அப்படியே. அண்ணன் விலையைக் கேட்டுவிட்டுப் பழசையே துடைத்து வைத்துக்கொண்டார்.

கடைசிக் கோளாறு கையில்

எல்லாம் சரி. நான் ஓட்டினால் பட்டனை விடும்போது அசைவே இல்லை. அவர் ஓட்டினால் சின்னதாக ஒரு வெட்டு இன்னும் இருந்தது. "உனுக்கு மட்டும் அடங்குது, எனுக்கு அடங்கல."

அவர் கையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்பிரிங்குக்கு எதிராக இடப்பக்கம் தள்ளிப் பிடிக்கிறார், ஹோவர் நிலைக்கிறது, தள்ளும் விசை குறையாமலே பட்டனை அழுத்துகிறார். அழுத்திய நொடியில் ஸ்பிரிங் மறைகிறது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் கை தன் தள்ளலோடு இன்னும் ஓர் அங்குலம் போய்விடுகிறது. பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தோளால் முட்டிய கதவு திறந்தே இருந்தால் என்ன ஆகும், அதுதான். நிஜ ஹெலிகாப்டரிலும் பிடித்த விசையோடு பட்டனை அழுத்தினால் தடி துள்ளும். அதனால் முதலில் பட்டனை அழுத்திக்கொண்டு, பிறகு தடியை நகர்த்தி, வண்டி அடங்கியபின் விட வேண்டும்.

சொன்னால் தலையாட்டுகிறார், செய்யும்போது பழைய மாதிரியே. கேட்டுப் பார்த்தேன். கிரேன் கேபினில் இரண்டு கைக்கும் லீவர் உண்டு. விட்டால் நடுவுக்கு வரும். நடு என்றால் நிறுத்தம். முப்பது வருஷம் அந்தக் கை ஒன்றைத்தான் கற்றிருக்கிறது: நடு பத்திரமான இடம், சந்தேகம் வந்தால் நடுவுக்குப் போ. ஸ்பிரிங் தன்னை நடுவுக்கு இழுப்பதை உணர்ந்துகொண்டே இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. பட்டனை முன்கூட்டியே அழுத்தினால் அந்த இழுப்பு போய்விடுகிறது, கைக்குத் திக் என்கிறது.

"அண்ணா, இதுல நடுன்னு ஒண்ணு கெடையாது. எங்க நிக்குதோ அதான் நடு."

"அது எப்படிபா?" என்றார். பட்டனை அழுத்தியபடியே முழு ஹோவரையும் செய்யச் சொன்னேன், ஸ்பிரிங்கே இல்லாமல். முதல் நாள் இருபது தடவை விழுந்தது. நான்காம் நாள் பட்டனை எப்போது விட்டார் என்று எனக்கே தெரியவில்லை, திரையில் எதுவும் அசையவில்லை.

வால் ரோட்டரைக் காலால் இயக்கும் பெடல் மட்டும் இன்னும் பாக்கி. நிஜ ஹியூயியில் அதே பட்டன் பெடலின் காந்த பிரேக்கையும் விடும். அவருடையது சாதாரண ஸ்பிரிங் பெடல், விசை மோட்டார் கிடையாது. பெடலுக்கும் டிரிம் போட்டு வைத்தால் அதே இரட்டை எண்ணிக்கை திரும்ப வருகிறது, வால் சுழல்கிறது. இப்போதைக்குச் சிமுலேட்டரில் பெடல் டிரிமை அணைத்திருக்கிறோம். பெடலின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உராய்வுக்கு ஒரு ரப்பர் வாஷர் போட்டு வைத்த இடத்தில் நிற்கச் செய்யலாம் என்பது என் யோசனை. கால் நடுவுக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். வாஷர் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.